உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் காலிங் பெல்லை அமுக்குவதற்கு முன்னால் எனக்குக் கை சில்லிட்டுப் போகும். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலும் அப்படித்தான். ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள் கடைசியாகப் போன வீட்டிலும் அப்படித்தான். நடுவில் முப்பத்தோரு வருஷம் ஓடியிருக்கிறது. உங்களில் யாருக்காவது அப்படி ஆகிறதென்றால் வெட்கப்படாதீர்கள். கை சில்லிடாதவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

போன வாரம் உங்களைப் பார்க்க சர்வீஸ் சென்டருக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர், அதில் மூன்று பேர் பெண்கள். நான் சேர்ந்த காலத்தில் திருநெல்வேலியில் டிவி பழுது பார்க்க ஒரு பெண் வந்தால் வீட்டுக்காரர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், மெக்கானிக் எங்கே என்று. இப்போது நீங்கள் மூன்று பேர் ஸ்க்ரூடிரைவரோடு நிற்பதைப் பார்த்ததும் பேச வந்ததெல்லாம் மறந்துவிட்டது. உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, கேம் கன்சோல மாட்டுனா டிவியில படம் வரலன்னு சொன்னா முதல்ல எதப் பாக்கணும்?" அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அவளுக்குத்தான் இதை எழுதுகிறேன், மற்றவர்களும் வாசிக்கலாம்.

வயரை மாற்று, போர்ட்டை மாற்று, டிவி எந்த இன்புட்டில் நிற்கிறது பார் என்கிற வரிசையெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கையேட்டில் இல்லாத இரண்டைச் சொல்கிறேன். ஒன்று நான் செய்த தப்பு. இன்னொன்று, தப்பாகப் போயிருக்க வேண்டியது.

தப்பு சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர், விடுமுறையில் வந்திருந்தார். மறுநாள் விமானம். கூடத்தில் பெட்டிகள் பாதி கட்டி, பாதி திறந்து கிடந்தன. கேம் கன்சோலில் இருந்து டிவிக்குப் படம் வருகிறது, இரண்டு நிமிஷத்தில் கறுத்துப் போகிறது, மறுபடி வருகிறது. எனக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. வயர் சரி, போர்ட் சரி. சரிதான், உள்ளே செட்டிங்கில் ஏதோ குழம்பியிருக்கிறது என்று முடிவு கட்டி, மொத்தத்தையும் அழித்துப் புதுசாகத் தொடங்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். படம் கணக்காக வந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் மகளுக்குப் பத்து வயசு இருக்கும். கன்ட்ரோலரை வாங்கி எதையோ தேடினாள். திரும்பத் திரும்பத் தேடினாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "நம்ம வீடு எங்கப்பா?" என்றாள்.

அந்த விளையாட்டுக்குள் அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ஒரு அறை. இந்தத் தடவை மாடி. அதை நான் அழித்துவிட்டேன். எவ்வளவோ மன்னிப்புக் கேட்டேன். அவர், "பரவால்ல மேடம், டிவி தெரியுதுல்லா" என்று சொல்லி எனக்குக் குடிக்கக் கலர் எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் பஸ்ஸில் அழுதிருக்க மாட்டேன். அந்தப் பிள்ளை கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு காலியான திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். "உள்ள என்ன இருக்கு?" நிறையப் பேர் சிரிப்பார்கள். கேம்தான் இருக்கு, வேற என்ன இருக்கும் என்பார்கள். இருந்தாலும் கேட்பேன்.

அடுத்தது வண்ணாரப்பேட்டையில் நடந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால்.

ஒரு சனிக்கிழமை காலை. அன்றைய பட்டியலில் ஒரு புகார்: "கேம் கன்சோல், டிவியில் படம் இல்லை, மிக அவசரம்." எங்கள் ஆபீஸில் அதை வாசித்து ஒரே சிரிப்பு. "பெரிய மேட்ச் போலுக்கு" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். அதை மூன்றாவதாகத்தான் வைத்தேன். முதலில் ஜங்ஷனில் ஒரு ஓட்டலில் டிவி பார்க்க வேண்டியிருந்தது.

ஓட்டலில் ஏணியில் நிற்கும்போதே போன் வந்தது. ஒரு பெண் குரல். "மேடம், எப்ப வருவீங்க?" மத்தியானம் ஆகும் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் அதே கேள்வி. நாலாவது தடவை எனக்குக் கோபம் வந்தது. "ஒரு நாள் விளையாடலன்னா என்னம்மா ஆயிரும்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று பார்த்தால் இல்லை, மூச்சு கேட்கிறது. பிறகு, "கொஞ்சம் சீக்கிரம் வாங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த மூச்சு என்னவோ செய்தது. ஓட்டல்காரரிடம் சொல்லிவிட்டு ஏணியை விட்டு இறங்கி, ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன்.

வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். தலை வாரவில்லை. உள்ளே அவர் வீட்டுக்காரர், அரசு அலுவலகத்தில் பொறுப்பான பதவியில் இருப்பவர் என்பது சுவரில் மாட்டியிருந்த படங்களில் தெரிந்தது. வேட்டியும் பனியனுமாக, கையில் போனை வைத்துக்கொண்டு சும்மா அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தார். பெரிய டிவி ஒரு பக்கமாகக் கோணி நின்றது. கன்சோல் தரையில் கிடந்தது. யாரோ இழுத்த இழுப்பில் அது மேலிருந்து விழுந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?" என்றார் அவர்.

"பார்த்துச் சொல்லுதேன் சார். உள்ள என்ன இருக்கு?"

"கேம்தான். வேற என்ன. சரி பண்ணுங்க."

அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எம்பிள்ள இருக்கான்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரே மகன். பிளஸ் டூ முடித்து, நுழைவுத் தேர்வுக்காக ஒரு வருஷம் கோச்சிங் போகிறான். முந்தின நாள் சாயங்காலம் அப்பா ஆபீஸ் விட்டு வந்தபோது அவன் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். கோச்சிங்கில் எழுதின பரீட்சையின் மார்க் அன்றைக்குத்தான் அப்பா போனுக்கு வந்திருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. நேராகப் போய் வயரைப் பிடித்து இழுத்திருக்கிறார். பெட்டி கீழே விழுந்தது. பையனும் ஒன்றும் பேசவில்லை. கன்ட்ரோலரைச் சோபாவில் சத்தம் வராமல் பைய வைத்தான். போனை அதற்குப் பக்கத்தில் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். போனவன் வரவில்லை.

"அவன் கூடப் படிச்ச பிள்ளைக எல்லாத்தையும் கேட்டாச்சு. சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போன் போட்டாச்சு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கோம். போனு லாக்காயிருக்கு, திறக்கத் தெரியல." அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் விளையாடும்போது காதுல மாட்டிக்கிட்டு யார்ட்டயோ பேசுவான். காக்கா, காக்காம்பான். யாருன்னு கேட்டா சிரிப்பான். கூட்டுக்காரப் பயலுக்குப் பட்டப்பேருன்னு நெனச்சோம். அந்தக் காக்கா யாருன்னு இதுலதான இருக்கும்? எழுத்துலயும் பேசிக்கிடுவாங்களாமே?"

நான் மேலப்பாளையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். முஸ்லிம் வீடுகளில் அப்பாவை வாப்பா, அம்மாவை உம்மா, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். "அது பட்டப்பேரு இல்லம்மா, அண்ணன்னு அர்த்தம். யாரோ பாய் வீட்டுப் பையன்" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன் தினமும் அண்ணா என்று கூப்பிட்ட ஒருவன் யாரென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"வேற எங்கயும் தேடுதாங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எந்தம்பி ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிருக்கான்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

எனக்குக் கை மட்டுமல்ல, கால் வரைக்கும் சில்லிட்டது. அவர் கையிலிருந்த போன் எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது.

வேலையைத் தொடங்கினேன். டிவியில் கோளாறு இல்லை, கேபிள் பெட்டியை மாட்டினால் படம் வருகிறது. கன்சோலுக்குக் கரண்ட் ஏறுகிறது, விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி சுற்றுகிறது. என் பையிலிருந்த புது எச்டிஎம்ஐ வயரைப் போட்டேன், டிவியில் எல்லா போர்ட்டிலும் மாற்றி மாற்றி மாட்டினேன். 'சிக்னல் இல்லை' என்றே எழுதிக்கொண்டிருந்தது. கன்சோலின் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இழுத்த இழுப்பில் உதடு விரிந்து, உள்ளே கம்பிகள் பதிந்த நாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

முறையான வழி, சென்டருக்குக் கொண்டுபோய், கழற்றி, போர்ட்டையே மாற்றுவது. அன்றைக்கு சால்டரிங் மேசையில் ஆள் லீவு. நானே உட்கார்ந்தாலும் சாயங்காலம் ஆகிவிடும். இன்னொரு வழி, அங்கேயே ஊசியால் அந்த நாக்கை நிமிர்த்துவது. சரியாக நிமிர்ந்தால் ஐந்து நிமிஷம். ஒரு கம்பி ஒடிந்தால், அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், அதோடு போச்சு.

அவர், "எதாவது பண்ணுங்க, சீக்கிரம் பண்ணுங்க" என்கிறார். அந்த அம்மா ஊசியைப் பார்க்கிறார். என் கை ஊசிக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் மிகவும் கஷ்டம். நம்மைச் சுற்றி நிற்கிறவர்களின் பயம் நம் விரல் வழியாக வேலை பார்க்கத் தொடங்கிவிடும். நான் ஊசியைப் பைக்குள் திரும்பப் போட்டேன். தோற்றால் பழைய நிலைக்கே வரக்கூடிய காரியம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று யோசித்தேன். அப்படி ஒன்று இருக்கிறவரை, திரும்ப வர முடியாத காரியத்தைத் தொடாதீர்கள். இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

வயரை மாட்டி, நுனியை மேலும் கீழும் பைய அசைத்துப் பார்த்தேன். மேல்நோக்கி, கொஞ்சம் இடது பக்கம் அழுத்தியபோது டிவி ஒரு நொடி நீலமாக மின்னிவிட்டு அணைந்தது. அந்த அம்மா 'ஆ' என்றார். அப்படியென்றால் தொடர்பு முழுசாக அறுந்து போகவில்லை. பெரிய படத்தைத் தாங்குகிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். படத்தின் அளவைக் குறைத்தால் ஒருவேளை நிற்கும். அதைக் குறைக்கப் பாதுகாப்பு மோடுக்குள் போக வேண்டும். அங்கே ஒரு பட்டியல் வரும். மேலே இரண்டாவது வரியில் படத்தின் அளவு. அதே பட்டியலில் கீழே, எல்லாவற்றையும் அழிக்கிற வரி. சாத்தான்குளத்தில் நான் அமுக்கினேனே, அதுதான்.

வயரை ஒரு ஆள் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். கன்ட்ரோலரை நான் பிடிக்க வேண்டும். அம்மாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"சார், நீங்க வந்து பிடிங்க."

அவர் அந்த வயரைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது! பிறகு போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு டிவிக்குப் பின்னால் போய், சுவருக்கும் மேசைக்கும் இடையில் தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்து அவருக்குத் திரை தெரியாது. அவர் விரலைப் பிடித்து எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினேன். "மேல, லேசா இடது பக்கம். இறுக்காதீங்க. பிடிச்சா மட்டும் போதும்."

"சரிம்மா" என்றார். அதுவரை மேடம்.

பட்டியல் வந்தது. ஆடிக்கொண்டே வந்தது. வருகிறது, போகிறது, வருகிறது. நான் முதல் வரியிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கப் போகிறேன். அந்த நேரம் போன் அடித்தது.

அம்மா எடுத்தார். "தம்பிங்க" என்று அவருக்குச் சொன்னார். ஆற்றுக்குப் போனவர். பின்னால் அவர் கை உதறியிருக்க வேண்டும், திரை கறுத்துவிட்டது. என் கட்டைவிரலும் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டது. எத்தனை வரி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது.  அந்த அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். தாமிரபரணிக் கரையில் நிற்கிற ஒரு ஆள் இரண்டு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அது ஒரு மணி நேரம் போல இருந்தது.

"ஒண்ணும் இல்லையாம்" என்றார் அம்மா. "குறுக்குத்துறை வரைக்கும் பாத்துட்டாங்களாம். ஒண்ணும் இல்லையாம்."

ஒன்றும் இல்லை என்கிற சொல்லுக்காக அப்படி ஒரு வீடு காத்துக்கொண்டிருந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

 "சார், படம் போயிருச்சு. மறுபடி பிடிங்க" என்றேன். அதுவரை கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து தூக்கியே வைத்திருந்தேன். இப்போது அமுக்கினால் இரண்டாவது வரியாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. நேரம் போகிறதே என்றும் சொன்னது. படம் வந்தபோது பார்க்கிறேன், அழிக்கிற வரியின் மேல் நிற்கிறது. அமுக்கியிருந்தால் ஒரு எச்சரிக்கை வந்து, நிச்சயமா என்று கேட்கும்தான். கறுத்துக் கிடக்கிற திரையில் எச்சரிக்கை வந்தால் யாருக்குத் தெரியும்? படம் வரவில்லை என்று இன்னொரு தடவை அமுக்கியிருப்பேன்.

ஒவ்வொரு வரியாக மேலே ஏறி வந்தேன். அளவைக் குறைத்தேன். கன்சோல் அணைந்து மறுபடி எழுந்தது. படம் மங்கலாக, எழுத்தெல்லாம் புடைத்துப்போய் வந்தது, ஆனால் நின்றது. அவன் கணக்கு தானாகத் திறந்துகொண்டது. "பாக்கட்டுமாம்மா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். தலையை ஆட்டினார்.

செய்திகளில் முதலாவதாக 'ஏரல் எக்ஸ்பிரஸ்' என்று ஒரு பெயர். திறந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். கடைசி வரி அந்த ஆள் எழுதினது, இரண்டு நாளைக்கு முன்னால். "அவசரப்பட்டு ஒரு முடிவும் எடுக்காதே. மனசு சரியில்லன்னா நேரா நம்ம வீட்டுக்கு வந்துரு. ஏரல் பஸ் ஸ்டாண்டுல இறங்கி எங்க வாப்பா பேரச் சொல்லி ஜவுளிக்கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. இது என் நம்பர்."

நம்பரைச் சத்தமாக வாசித்தேன். அந்த அம்மா போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

அந்த நம்பருக்கு மேலே பையன் எழுதின ஒரு வரி இருந்தது. அது என் கண்ணில் பட்டுவிட்டது. அவன் அப்பாவைப் பற்றியது. அதை இங்கே எழுத மாட்டேன்.

"வேற என்ன எழுதியிருக்கான்?" டிவிக்குப் பின்னாலிருந்து அவர் குரல். "மேல போங்க. என்னப் பத்தி எதாவது எழுதியிருக்கானா?"

"நம்பர் கிடைச்சிருச்சு சார். நமக்கு வேண்டியது அதுதான்."

"எம்பிள்ளைதான எழுதியிருக்கான்? நான் கேக்கேன், வாசிங்க."

அவருக்கு அந்த உரிமை உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் நான் யார்? படம் வர வைக்க வந்த ஆள். கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "எனக்கு இது போதும் சார். இதுக்கு மேல அவன் வந்து காட்டுனா பாத்துக்கிடுங்க. வயரு உங்க கையிலதான் இருக்கு. பிடிச்சிருந்தா படம் நிக்கும்."

 அந்த அம்மா மூன்றாவது தடவையாக நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தார். திரையில் அந்த வரிகள் அப்படியே நின்றன. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்ன அசைவு, திரை கறுத்தது. 'சிக்னல் இல்லை' என்று வந்தது. அவர் விட்டுவிட்டார்.

அப்போதுதான் போன் திரும்பி வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"யாரு? மிஸ்டு கால் கிடந்துச்சு, கடையில ஆளு இருந்தாங்க." இளவட்டக் குரல்.

அம்மா மகன் பெயரை மட்டும் சொன்னார்.

"யா அல்லா, அவன் உம்மாவா? இங்கதான் இருக்கான்மா, பத்திரமா இருக்கான். நேத்தே உங்களக் கூப்பிடணும்னு வாப்பா சொன்னாங்க, நம்பரு தர மாட்டேனுட்டான். எங்க உம்மாதான் சோறு போட்டு, ஒண்ணும் கேக்காதீங்கன்னு எங்களையும் வைதாங்க. இப்பந்தான் பேசிப் பேசிச் சரிக்கட்டி, நானே வண்டியில கொண்டாந்து விடலாம்னு இருந்தோம்."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எய்யா, எம்பிள்ளகிட்டக் குடுய்யா" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ குசுகுசு. "பேச மாட்டேங்கான்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லுதான். பெட்டி ஒடஞ்சிருச்சாங்கான்."

யாரும் எதிர்பார்க்காத கேள்வி. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் டிவிக்குப் பின்னாலிருந்து அவர் தவழ்ந்து வெளியே வந்தார். பனியனெல்லாம் தூசி. போனை வாங்கினார்.

"ஒடஞ்சுதான்லே போச்சு. நாந்தான் ஒடச்சேன்."

அந்தப் பக்கம் எங்கோ மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் மட்டும். பிறகு ஒரு சின்னக் குரல், காக்காவின் குரல் அல்ல.

"எந்தப் பக்கம்? டிவிப் பக்கமா, பெட்டிப் பக்கமா?"

அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு நேரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தவர், திருதிருவென்று என்னைப் பார்த்தார்.

"பெட்டிப் பக்கம்" என்றேன்.

"பெட்டிப் பக்கமாம்லே" என்றார்.  போனை மனைவியிடம் நீட்டிவிட்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டார்.

அவர்கள் காரில் ஏரலுக்குக் கிளம்பினார்கள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தேன். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு தடவை கூப்பிட்ட பெண்ணிடம் ஒரு நாள் விளையாடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேனே, அதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவுக்கு அது நினைவிருக்குமா என்று தெரியாது. எனக்கு இருக்கிறது. புகாரில் அவசரம் என்று எழுதியிருந்தால் சிரிப்பதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். குரலைக் கேளுங்கள்.

போர்ட்டை நானே மாற்றினேன். மூன்று நாள் கழித்து, அதை வாங்க அந்தப் பையனே வந்தான். ஒல்லியாக, உயரமாக, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தான். டிவியில் மாட்டிக் காட்டினேன். படம் பளிச்சென்று நின்றது. அவன் படத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, எவ்வளவு தூரம் வாசிச்சீங்க?"

நம்பர் மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மற்ற மனிதர்களின் பெட்டிகளைத் திறந்து பிழைக்கிறவர்கள் நாம். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டால் பிறகு எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது.

"நம்பரு பாத்தேன். அதுக்கு மேல ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. அதுக்கு மேல போகல."

எந்த வரி என்று அவன் கேட்கவில்லை. தெரிந்துகொண்டான். காது சிவந்தது.

"அப்பா?"

"அப்பா பாக்கல. பாக்கணும்னு நெனச்சாங்க. பிறகு அவங்களே வேண்டாம்னு விட்டுட்டாங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தை, புது போர்ட்டை, விரலால் தடவிக்கொண்டு நின்றான். "அது அன்னிக்கு எழுதுனது, அக்கா" என்றான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவன் அப்பா உள்ளே வராமல் வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தார். பையன் பின்னால் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். வண்டி கிளம்பவில்லை. அவர் திரும்பாமல் ஏதோ கேட்டார். அவன் குனிந்து, ஏதோ நீளமாகச் சொன்னான். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அடுத்த பெட்டி மேசையில் காத்துக்கொண்டிருந்தது, நான் உள்ளே போய்விட்டேன்.